பெருமாட்டியில் உடைந்த பிளேடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதப் பகலில் நடந்தது இது. இடம், பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டி என்ற ஊரில், தென்னந்தோப்பை ஒட்டியிருந்த ஒரு தகரக் கொட்டகை.

எனக்கு எலப்புள்ளியில் கடை. பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் மிஷின்களுக்கு பிளேடு விற்பேன். நானே போய் மாட்டியும் கொடுப்பேன். எந்த பிளேடு எவ்வளவு நாள் உழைக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு எனக்கு உண்டு.

அந்தக் கொட்டகையை நடத்தியவர் கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு பெண். தோப்புகளில் கழித்துப்போடும் சொட்டுநீர்க் குழாய்களை வாங்கி அரைப்பது அவர் தொழில். வாரத்துக்கு இரண்டு முறை பிளேடைக் கழற்றித் தீட்ட வேண்டியிருக்கிறது, நின்று உழைக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று போனில் கேட்டார். என்னிடம் இருந்ததிலேயே கடினமானதை எடுத்துக்கொண்டு போனேன்.

மாட்டியதும் உடைந்த பக்கெட்டுகளைப் போட்டுப் பார்த்தோம். அப்பளம் மாதிரி நொறுங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாயையும் போடச் சொன்னேன்.

"ஏனுங்க, இதுல கல்லு, மண்ணு, கட்டுக்கம்பி எல்லாம் சேந்து வருமுங்க. பரவால்லீங்களா?"

"இந்த பிளேடுக்கு அதெல்லாம் ஒரு விசயமே இல்லீங்க" என்றேன். சொல்லிவிட்டு, மிஷினின் வாய்க்கு நேராக நின்று எட்டிப் பார்த்தேன்.

குழாய்களை மிஷினுக்குள் சரித்துவிட்டு அவர், "அங்க நிக்காதீங்க!" என்று என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். இரண்டடி நகர்ந்திருப்பேன். வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். பிளேடு உடைந்து, அதில் ஒரு துண்டு நான் நின்ற இடத்தைக் கடந்து எதிர்த் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது.

அவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். நன்றாகத் திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கியாச்சும் பட்டுச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மிஷினைத் திறந்து, உள்ளே கிடந்த எலுமிச்சை அளவுக் கல்லை எடுத்துக் காட்டினார்.

"பிளேடு நல்ல பிளேடுதானுங்க. எங்க சரக்குக்கு ஆவாது, அவ்வளவுதான். மழுங்குனாக்கூடத் தீட்டிக்கலாம். ஒடையாம இருக்கோணுமுங்க."

"சரக்கையே பாக்காமச் சொல்லீட்டனுங்க. தப்பு என்னுதுதான்" என்றேன். என் தொழிலில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவருடைய சரக்கில் ஒரு மூட்டையை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன். இரும்பைக் காய்ச்சிப் பதம் போடுகிறவரிடம் அதைக் கொட்டிக் காட்டி, கொஞ்சம் கடினம் குறைவான, ஆனால் அடி தாங்கும் இரும்பில் வேறு பிளேடு செய்து, பத்து நாளில் திரும்பப் போனேன். இந்த முறை இருவருமே ஓரமாக நின்றோம். உள்ளே கற்கள் கடகடத்தன. நிறுத்திப் பார்த்தபோது விளிம்பில் இரண்டு இடத்தில் லேசாகச் சில்லு பெயர்ந்திருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

"இது போதுமுங்க" என்று சிரித்தார். இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் தீட்டுகிறார். இன்றைக்கும் பிளேடு என்னிடம்தான் வாங்குகிறார்.

என்ன சரக்கு, அதில் என்னென்ன கலந்து வரும் என்றெல்லாம் கேள்வி கேட்டால் தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அதுவரை பயந்திருக்கிறேன். அந்தப் பயம் போன பிறகுதான், இது உழைக்கும் என்று இன்னொருவருக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற தைரியம் எனக்கு உண்மையிலேயே வந்தது.