எக்ஸ்ரேயில் விழுந்த தாயத்து

எழுபதுகளில் கோவில்பட்டியில் வயிற்றுவலிக்காக எனக்கு எக்ஸ்ரே எடுத்தவர் ஒல்லியானவர். படுத்தவர் வயிற்றில் விரலால் ஒன்பது கட்டம் போட்டுப் பார்ப்பார்; என் வயிற்றில் போட்டபோது நான் எண்ணினேன்.

என் படத்தில், வலப்பக்கக் கட்டமொன்றில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"கட்டியா?" என்றேன்.

"தாயத்து, அண்ணாச்சி! எல்லாத்தையும் கழத்தச் சொன்னேம்லா?"

சட்டை, கடிகாரம், சாவி என்று மூன்றையும் எண்ணிக் கழற்றிய நான், தாயத்து கோத்த அரைஞாண் கயிற்றை எண்ணவில்லை.

"உசுரோட இருக்கையில அத அறுக்கக் கூடாதுய்யா."

"அறுக்க வேண்டாம், நெஞ்சுக்கு ஏத்திக்கிடுங்க. சாமி அங்கன இருந்தும் காப்பாத்தும். இங்கன மறிச்சு நின்னா, பின்னால என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது படத்தில் ஒன்பது கட்டமும் சுத்தம். இருந்த சந்தோஷத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இன்றும் வயிறு வலித்தால், முதல் வேலையாகத் தாயத்தை நெஞ்சுக்கு ஏற்றிவிடுகிறேன்.