கடிபட்ட படங்கள்

எங்கள் இயற்பியல் சார் ஆளுக்கு நூறு படம் கொடுத்தார். துகள் ஒன்று சிதைந்து, அதிலிருந்து தெறித்தவை கருவிக்குள் விட்டுப்போன கோடுகளின் படங்கள். எலக்ட்ரான், மியூவான், டௌ, குவார்க் என்று நான்கு கட்டங்களில் பிரிக்க வேண்டும். எதிலும் சேராத குப்பைக்கு ஐந்தாவது கட்டம். யார் சரியாகப் பிரிக்கிறார்களோ அவருக்குக் கோடையில் சென்னை ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதப் பயிற்சி. இருந்தது ஒரே இடம். அது எனக்கு வேண்டும் என்று வெளியே சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

பொன்னேரி பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்த்தால் பக்கத்து மீன் கூடைத் தண்ணீர் படத்தின் மேல் சொட்டுகிறது. வீட்டில் விரித்தால் எங்கள் ஊர் ஏரிக் காற்று தூக்கிப் போகிறது. ஊரிலுள்ள பழைய டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் உட்கார்ந்துதான் முக்கால்வாசி முடித்தேன். குவார்க் சுலபம், கொத்துக் கொத்தாகத் தெறிக்கும். எலக்ட்ரானும் மியூவானும் எதிரெதிரே இரண்டு கோடு. என் உயிரை வாங்கியவை மிச்சம் சில. ஒரு பக்கம் ஒரு கோடு, மறுபக்கம் மூன்று. கூட்டினால், இருக்க வேண்டிய ஆற்றலில் பாதிதான் தேறியது. மூன்று தடவை கூட்டிவிட்டு, சனியன் ஒழியட்டும் என்று எல்லாவற்றையும் ஐந்தாவது கட்டத்தில் தள்ளினேன்.

துளி சந்தேகமும் வரவில்லை. வலையில் மாட்டிய மடவை மீனை நண்டு கடித்திருந்தால் நாங்கள் ஏலக் குவியலில் சேர்ப்பதில்லை. சின்ன வயதிலிருந்து அண்ணியோடு உட்கார்ந்து மீன் பிரித்த கை இது. குறை கண்டால் தானாக ஒதுக்கிவிடும்.

சார் என் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"டௌ ஒண்ணுகூடவா இல்ல?"

"ஆற்றல் குறையுது சார். அதான் தள்ளிட்டேன்."

"குறையத்தாம்மா செய்யும். டௌ சிதையறப்போ நியூட்ரினோன்னு ஒரு துகள் மிச்ச ஆற்றலைக் கருவிக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிடுது. குறையறதுதானே டௌவுக்கு அடையாளம்? போன வாரம் தொண்டை கிழியச் சொன்னேனே!"

சொன்னார்தான். என் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. பயிற்சி வேறொருத்திக்குப் போனது. எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அண்ணி சோறு போட்டார்.

"இன்னா, மூஞ்சி இப்டிக்கீது?"

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "பாதி காணோம்னு தூக்கிப் போட்டுட்டேன் அண்ணி. கடிபட்ட மீன் மாதிரி."

அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது. "கடிபட்டத நாம எப்போ தூக்கிப் போட்டோம்? ஏலத்துக்குத்தான் போவாது. நீ இப்போ இன்னா துன்னுனுகீற?"

தட்டைப் பார்த்தேன். குழம்பில் வால் பக்கம் நண்டு கொறித்த மடவை. விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வெந்தது அதுதான். அதைத் தின்று வளர்ந்த நான்தான் அதைக் குப்பை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.