ஜெபாவின் ராம்ப்பும் சுடலை அண்ணாச்சியின் நெல்லும்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் நான் டீச்சராக இருந்தபோது, நான்கு வயது ஜெபாவுக்காக வாசலில் சாய்தளமாக ராம்ப் கட்டினார்கள். அவளுக்குப் பிறவியிலேயே கால்களில் இறுக்கம். வாக்கரைப் பிடித்து, பாதங்களை இழுத்து இழுத்து நடப்பாள்.

"ராம்ப் கட்டின பிறகும் அவ தானா உள்ள வரலைன்னா, பேரை வீட்டுப் பயிற்சி லிஸ்டுக்கு மாத்திருவேன்" என்று சூப்பர்வைசர் மேடம் சொல்லியிருந்தார். அந்த லிஸ்டில் போனால் மாதம் ஒருமுறை ஒருவர் வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பிள்ளை வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். அம்மாவுக்கு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை.

காண்டிராக்டர் பழைய படிகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் ராம்ப்பை நீளமாக, அகலமாகக் கட்டினார். நாள் முழுக்க வெயில் விழும் சிமெண்டுத் தரை எங்கள் தெருவில் அது ஒன்றுதான். அது எனக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டு சுடலை அண்ணாச்சிக்குத் தோன்றிவிட்டது. திறந்த மறுநாளே ராம்ப் முழுக்க நெல்.

"ரெண்டே நாளு டீச்சர். பிள்ளைங்க நெல்ல மிதிக்காம பாத்துக்கிடுங்க."

"படியையும் இடிச்சாச்சே அண்ணாச்சி, உள்ள எப்படிப் போக?"

"பின்னால ஜன்னல் இருக்குல்லா?"

அங்கன்வாடிக்கு இடம் கொடுத்தவர் அவர். பிள்ளைகளைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். ஜன்னலில் கம்பியும் இல்லை. நான் வெளியிலிருந்து தூக்கிக் கொடுக்க, ஆயா உள்ளேயிருந்து வாங்கினாள். லாரியில் வாழைத்தார் ஏற்றுவதுபோல் பதினேழு பிள்ளைகளும் உள்ளே போனார்கள். ஜெபாவும் அப்படியே போனாள். எந்த வித்தியாசமும் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது அந்த ஜன்னல்தான்.

ஒரு வயல் நெல் காய்ந்ததும் அடுத்த வயல் நெல் வந்தது. ஏழாம் நாள் மேடமும் வந்தார்.

"படி எங்க?"

"இடிச்சாச்சு மேடம்."

"ராம்ப்?"

"நெல்லுக்கு அடியில இருக்கு மேடம்."

அதற்குள் ஜன்னல் அலுத்துப்போன ஜெபா, வாக்கரோடு நெல்லுக்குள் இறங்கிவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பின்னால் கவுனைப் பிடித்துக்கொண்டேன். கத்திக்கொண்டே ஓடி வந்த அண்ணாச்சி, பாதியில் நின்றுவிட்டார்.

காயப்போட்ட நெல்லைப் பாதத்தை இழுத்து நடந்துதான் கிளறுவார்கள். அவள் நடையே அதுதான். போன இடமெல்லாம் வரி வரியாக அடிநெல் மேலே வந்திருந்தது.

"என் மருமவ கூட இப்படிக் கிளற மாட்டா. டீச்சர், இன்னொரு தடவ வரச் சொல்லுங்க" என்றார்.

அதுவரை பத்தடிக்கு மேல் நடந்திராத பிள்ளை நான்கு தடவை ஏறி இறங்கினாள். நான் அழுதுவிட்டேன். மேடம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறி, பதிவேட்டில் "சாய்தளம் முழுப் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை.

இளைய டீச்சர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ராம்ப் கட்டியதோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அது யாருடைய வழி என்று தெருவுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அடுத்த அறுப்புக்கு அண்ணாச்சி என்னிடம் கேட்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஜெபா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நெல்லு போடட்டுமா தாயி?"

அவள் யோசித்தாள். "நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள்.

அண்ணாச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.