சோதித்த கதவு

என் அக்கா புருஷன் எதையும் லேசில் நம்ப மாட்டார். பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. இயந்திரத்திலிருந்து வந்து விழும் வாளிகளில் அவ்வப்போது ஒன்றை எடுத்து, மணலை நிரப்பி, கொக்கியில் தொங்கவிட்டு, கைப்பிடி கழலுகிறதா என்று ஆட்டிக்கொண்டே இருப்பார். கழலாமல் தப்பித்த வாளியும் விற்பனைக்குப் போகாது, உருக்கிவிடுவார்கள். "சோதிச்ச வாளி உள்ளுக்குள்ள எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு வெளியில தெரியாது. அதை இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாது" என்று சாப்பிட உட்கார்ந்தால் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

வேலைப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். அவர்கள் கீழ்வீட்டில், நாங்கள் மாடியில். எங்கள் வீட்டுக்கு நாற்காலி வாங்கியபோது அத்தான் ஏறி வந்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆட்டி, உறுதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஆட ஆரம்பித்ததே அன்றைக்குத்தான். ஆனாலும் மிக்ஸியிலிருந்து பூட்டு வரைக்கும் சொந்தக்காரர்கள் யாரும் அவரைக் கேட்காமல் வாங்குவதில்லை. அந்தப் பெருமையில்தான் மனிதர் நிமிர்ந்து நடந்தார்.

அக்கா ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரி. கனமான பாத்திரத்தை அடுப்பில் மூடி வைத்தே பஞ்சு மாதிரி ரொட்டி எடுப்பாள். பக்கத்து ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் அதைத் தின்று பார்த்துவிட்டு, தினமும் காலையில் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பாத்திரத்தில் ஒவ்வொன்றாகச் சுட்டுக் கட்டுப்படியாகாது, ஓவன் வேண்டும். கல்யாணமானதிலிருந்து அக்கா தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கடையில் அவளுக்குப் பிடித்தது சின்ன ஓவன். இரண்டு திருகுக் குமிழ், ஒரு விளக்கு, பெட்டி பிரிக்காத புதுசு. அத்தான் உதட்டைப் பிதுக்கினார். தகடு மெல்லிசாம். பக்கத்தில் நின்ற பெரிய ஓவன் மேல் அவர் கண் விழுந்தது. இரட்டைக் கண்ணாடிக் கதவு, கனத்த கைப்பிடி. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து அதன்மேல் கையை ஊன்றி அழுத்தினார். மூடினார், மறுபடி திறந்தார். இதுதான் பொருள், ஆனால் விலை இறங்கட்டும் என்று எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு விடுமுறை வந்தால் போதும், கடைக்குக் கிளம்பிவிடுவார். விலையைக் கேட்பதோடு நிற்பாரா? கதவைத் திறப்பார், ஊன்றுவார், மூடுவார். ஒருநாள் முன்பின் தெரியாத ஒரு தம்பதியைக் கூப்பிட்டு, "அழுத்திப் பாருங்க, அசையுதா?" என்று அவர்களையும் அழுத்த வைத்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசியில் அந்த ஓவனை, பார்வைக்கு வைத்திருந்த டிஸ்பிளே பீஸ் என்று சொல்லிப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அத்தான் அள்ளிக்கொண்டு வந்தார். பாதி விலையில் முழுப் பொருள் என்று மாடிவரை கேட்கும்படி சொன்னார்.

முதல் ரொட்டி பின்பக்கம் கருகி, கதவுப்பக்கம் வேகாமல் வந்தது. அத்தான் பிட்டுப் பார்த்துவிட்டு, மாவு சரியாகப் பிசையவில்லை என்றார். அக்கா அடுத்த நாள் இன்னும் நேரமெடுத்துப் பிசைந்தாள். அதே கதைதான். ஈஸ்ட்டை மாற்றினாள், தண்ணீரைக் குறைத்தாள், மணிக்கட்டு வீங்கியது. நான் பக்கத்தில் நின்றபோது என் காலில் சூடு அடித்தது. கதவோரமாக அனல் வருகிறது என்று சொன்னேன். அத்தான் குனிந்து கையை வைத்துப் பார்த்து, சட்டென்று எடுத்துக்கொண்டார். ஓவன் என்றால் சூடு இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் நானும் அதோடு விட்டுவிட்டேன்.

கேன்டீன்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேறு இடத்தில் சொல்லிவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாத்திர ரொட்டி வந்ததெல்லாம் ஏதோ அதிர்ஷ்டம், தன் கைக்கு இது ஆகாது என்றாள். அதைக் கேட்டதும் அத்தான் எழுந்தார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், கதவில்தான் கோளாறு என்று எங்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே போய்க் குரலை உயர்த்தினார். கீலில் தரமில்லை, ரப்பர் பட்டையில் தரமில்லை என்று அடுக்கினார். விற்பனைப் பெண் போனை எடுத்து மேனேஜரிடம், "சார், நம்ம கதவு சார் வந்திருக்காங்க" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவள் போனை வைத்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னாள். "புதுசா வந்தப்ப கதவு நல்லாத்தான் இருந்துச்சு சார். உங்கள மாதிரி வேற யாரும் அதை அவ்வளவு அழுத்திப் பார்க்கல."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. வாளிக் கைப்பிடியை ஆட்டும் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சிரிப்பு அடங்கியது அக்காவைப் பார்த்தபோதுதான். அவள் கடையைப் பார்க்கவில்லை, கதவைப் பற்றிக் கவலைப்படவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் கேட்டாள். "கதவுல கோளாறுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார். "கை வச்சுப் பார்த்தேனே, அன்னைக்கே."

"அதுக்கப்புறமும் மாவு சரியில்லன்னீங்களே."

அவ்வளவு பேசுகிற மனிதர் கூனிக் குறுகி நின்றதைப் பார்க்க எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.

மறுநாள் அவர் தனியாகக் கேன்டீனுக்குப் போய், குற்றம் மனைவியின் கையில் இல்லை, தன்னிடம்தான் என்று சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்களிடம்கூட அவர் இப்படித் தாழ்ந்து பேசியதில்லை. கேன்டீன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை முன்பே சொல்லியிருக்கலாமே, இப்போது இடமில்லை என்று அனுப்பிவிட்டார்.

மெக்கானிக் வந்து புதுக் கீலும் ரப்பர் பட்டையும் போட்டார். முடித்துவிட்டு, திறந்து மூடிப் பாருங்கள் என்று அத்தானைக் கூப்பிட்டார். அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அவளே பார்க்கட்டும்" என்றார். அக்கா ஒரே ஒரு தடவை திறந்து மூடினாள்.

அன்று வந்த ரொட்டி எல்லாப் பக்கமும் ஒரே நிறமாகச் சிவந்திருந்தது. அத்தான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, நல்லா வந்திருக்கு என்றார்.

"முதல் நாள் பிசைஞ்ச மாதிரியேதாங்க இன்னைக்கும் பிசைஞ்சேன்" என்றாள் அக்கா.