கோலா சாவா சாலையில் ஒரு சூட்டுத் துப்பாக்கி

பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்திலிருந்து நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். காலை மணி பத்தேகால். மாம்பாவைத் தாண்டி ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் இருக்கும். சிரம்பானிலிருந்து ரந்தாவுக்கு ஒரு வெள்ளி இருபது காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தேன். பாதித் தூரம்கூடப் போகவில்லை. மீதியைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. கண்டக்டர் போலீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

தவறு என்னுடையதுதான். பேருந்தின் என்ஜின் ஒரு மாதிரி இருமியது. பைக்குள் கையை விட்டுச் சூடு பார்க்கும் கருவியை எடுத்து என்ஜின் மூடியின் பக்கம் நீட்டினேன். அது பார்வைக்குக் கைத்துப்பாக்கிதான். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி ஒன்று போய் விழும். தொடாமலேயே அந்த இடத்தின் சூடு பின்பக்கம் எண்ணாகத் தெரியும். சிவப்புப் புள்ளி ஓட்டுநரின் முதுகில் விழுந்ததை ஓர் அம்மாள் பார்த்துவிட்டார். அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை.

இது தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஆயுத பூசை முடிந்து இரண்டாவது வாரம். முந்தின நாள்தான் சிரம்பானில் நான்கு மாதம் வேலை பார்த்த பட்டறையை விட்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து எந்த இடத்திலும் நான் நான்கு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே வருத்தப்படவில்லை. அலமாரியிலிருந்து அந்தக் கருவியை எடுத்து என் கையில் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து ஆசையாக வரவழைத்தது; ஒரு கார் என்ஜினுக்குச் சரியாகச் சொல்லும், அடுத்த காருக்குப் பச்சைப் பொய் சொல்லும். "உன்னை மாதிரியே ஒருநாள் நல்லது, ஒருநாள் கெட்டது. ரெண்டு பேரும் போங்க" என்று மலாயில் சொன்னார்.

பதினொன்றரை மணிக்கு ஒரு தோட்டத்தின் நுழைவாயிலில் லோரி ஒன்று நிற்பதைக் கண்டேன். அப்படி ஒரு லோரியை நான் பார்த்ததில்லை. பம்பர், கிரில், திறந்திருந்த பானெட்டுக்குள் என்ஜின், குழாய்கள் எல்லாம் சில்வர் பெயிண்ட். வெயிலில் கண் கூசியது. பின்னால் ரப்பர் பால் டாங்கி நிறைந்திருந்தது. டிரைவர் மணியம் முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். அவர் மனைவி லெட்சுமி ஆறு தண்ணீர் டின்களுக்கு நடுவில், புகை படிந்த ஒரு தேநீர்க் கெண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே, சூடாயிருச்சா?" என்றேன்.

"பூசையிலேருந்து இதே கதைதான் லா தம்பி. ரெண்டு கட்டை ஓடுனா முள்ளு சிவப்புக்குப் போயிருது. இவ தண்ணி ஊத்தறதுக்குன்னே கூட வர்றா."

"புல்லு வெட்டற வேலைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்," என்றார் லெட்சுமி. "லோரிக்கு ஆயா வேலை."

அப்போது சைக்கிளில் ஒருவர் வந்தார். கனத்த உடம்பு, முட்டிவரை கால்சட்டை. தோட்ட மானேஜர். ஒரு காலை ஊன்றி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மணியம், பாலு ரெண்டு மணிக்குள்ள பேக்டரிக்குப் போவணும். இன்னிக்கும் வழியில கட்டியாச்சுன்னா, நாளைக்கு வெளி லோரிதான். நீ பழையபடி மரம் சீவப் போ. டிரைவர் வீட்டையும் காலி பண்ணிரு."

அவர் போனதும் கேட்டேன்: "மானேஜருக்குக் காடி இல்லியா?"

"ஜீப்பு இருக்கு. ரெண்டு வாரமா உடம்பு இளைக்கணும்னு சைக்கிள்ல வர்றாரு."

பேக்டரி பதினான்கு கிலோமீட்டர். நான் பையிலிருந்து கருவியை எடுத்தேன். மணியம் இரண்டடி பின்வாங்கினார். விளக்கிய பிறகு, தம் நெற்றிக்குப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். முப்பத்தைந்து பாகை. தேநீர்க் கெண்டி எழுபத்தொன்று. "இவ வாய்க்குள்ள காட்டு, மிஷினு வெடிச்சிரும்" என்றார். லெட்சுமி டின் மூடியை அவர்மேல் எறிந்தார்.

என்ஜினின் தலைப்பகுதியில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் புள்ளியை வைத்தேன். ஐம்பத்திரண்டு. ரேடியேட்டரின் மேல்தொட்டி, நாற்பத்தொன்பது.

"என்ஜின் சில்லுன்னு இருக்குண்ணே. முள்ளுதான் பொய் சொல்லுது. தைரியமா ஓட்டுங்க."

நான்கு மாதப் பட்டறை அனுபவத்தில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. மணியம் சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். முள் சிவப்பில் கிடந்ததைக் கைத்துண்டால் மூடிவிட்டார்.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஐந்தாவது கிலோமீட்டரில், பானெட்டுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை எழுந்து கண்ணாடியை மறைத்தது.

"சில்லுன்னு இருக்குன்னியே! இதுல இட்லி அவிக்கலாம் போலிருக்கு!"

"அண்ணே, மிஷினு இன்னும் ஐம்பத்து நாலுதான் காட்டுது..."

"அப்ப கைய வச்சுப் பாரு!"

வைத்தேன். மூன்று விரல் கொப்பளித்தது. அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. விரல்களைத் தண்ணீர் டின்னுக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் கருவியை அங்குமிங்கும் ஆட்டினேன். எங்கும் ஐம்பது, ஐம்பத்திரண்டு. ஓரிடத்தில் மட்டும் தொண்ணூற்றெட்டு என்று குதித்தது. மணியத்தின் கிரீஸ் படிந்த கட்டைவிரல் அடையாளம் கறுப்பாக அப்பியிருந்த இடம். ஒரு விரல்கடை தள்ளினால் மறுபடி ஐம்பத்திரண்டு.

தவுக்கேயின் பட்டறை ஞாபகத்துக்கு வந்தது. அழுக்குப் பிடித்த பழைய என்ஜின்களுக்கெல்லாம் கருவி உண்மை சொன்னது. பளபளக்கும் அலுமினிய என்ஜின்களுக்குத்தான் பொய் சொன்னது. மினுங்குகிற இடம் தன் சூட்டைக் கருவிக்குக் காட்டாது. இது எனக்குப் புரிய மூன்று விரல்கள் போயிருந்தன.

"அக்கா, கெண்டி அடியில இருக்கற கரிய கொஞ்சம் சுரண்டிக் குடுங்க."

லெட்சுமி கரியைத் தேநீரில் குழைத்து, நான் காட்டிய இடங்களில் எல்லாம் மோதிர விரலால் வட்டமாக வைத்தார். "பச்சப் புள்ளையக்கூட கன்னத்துல பொட்டு வச்சுதான் வெளிய தூக்கறோம். நீங்க லோரிய கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிச்சு வெறுமனே வுட்டீங்க. கண்ணுபடாம என்னா செய்யும்?"

என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பினோம். பொட்டு பொட்டாகப் பார்த்தேன். ரேடியேட்டர் மேலே தொண்ணூற்றாறு. அடியில் தொண்ணூற்று மூன்று. அடியில் பத்துப் பாகையாவது குறைந்திருக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை. ரப்பர் இலை ஒன்றைப் பறித்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தேன். உள்ளே சுற்றும் விசிறி இழுக்க, அது தகட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இலை என் காலடியில் விழுந்தது.

குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் தகட்டு இடுக்குகள் அத்தனையும் சில்வர் பெயிண்டால் அடைபட்டிருந்தன.

"அண்ணே, இதுக்குள்ளயுமா அடிச்சீங்க?"

மணியத்தின் குரல் இறங்கிவிட்டது. "பூசைக்குன்னு ரெண்டு கோட்டு. மானேஜரே வந்து பார்த்து 'பேஷ்'னு சொன்னாரு தம்பி. இது தெரிஞ்சா என் கதி?"

மணி ஒன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வண்டியில் கிடந்த ஈர்க்குமாற்றைப் பிரித்து, ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு ரேடியேட்டரைக் குத்த ஆரம்பித்தோம். பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு திறந்ததும் இன்னொரு இலையைப் பிடித்தேன். சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. பானெட்டைக் கழற்றிப் பின்னால் கட்டினோம். கிலோமீட்டருக்கு ஒரு தடவை நான் இறங்கிப் பொட்டுகளைப் பார்த்தேன்: எண்பத்தெட்டு, தொண்ணூறு, எண்பத்தொன்பது. ஒன்று ஐம்பத்தைந்துக்குப் பேக்டரி வாசலில் நுழைந்தோம். அங்கிருந்தவர் டாங்கிக்குள் குச்சியை விட்டு எடுத்தார். பால் கட்டாமல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. மணியம் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலை நாலரைக்குத் தோட்டம் திரும்பியபோது மானேஜர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். மணியம் செருப்பைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன்.

"பெயிண்டு, தொரை," என்றார் லெட்சுமி. "ரேடியேட்டர்ல அடிச்சு காத்து போவல. இப்ப குத்தி வுட்டாச்சு. பாலு நல்லபடியா போய்ச் சேந்துருச்சு."

மானேஜர் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் தம் வீட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "மணியம், என் ஜீப்புக்கும் உள்ள அடிச்சியா?"

"அடிச்சேன் தொரை."

"எத்தனை கோட்டு?"

"உங்களுக்கு மூணு தொரை. மரியாதைக்கு."

மானேஜர் சைக்கிளின் சீட்டைத் தடவினார். வெளி லோரியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அன்று மணியத்தின் வீட்டில் நெத்திலிச் சம்பலும் சோறும் சாப்பிட்டு, முன்னறையில் படுத்தேன். சிரம்பானில் பட்டறைக்குப் பின்னால் டயர்களின் மேல் படுத்த முதுகுக்கு அந்தப் பாய் பெரிய வசதி. கருவி பொய் சொன்ன காரணத்தைத் தவுக்கேக்குச் சொல்லியனுப்பலாமா என்று யோசித்தேன். சொன்னால் திருப்பிக் கேட்பார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மானேஜரிடமே வேலையில் சேர்ந்தேன். நாள் சம்பளம் பன்னிரண்டு வெள்ளி, தங்க இடம் மணியம் வீட்டில். மானேஜரின் கொட்டகையில், ஜீப்பின் முன்னால், ஒரு கட்டு ஈர்க்குச்சியோடு குந்தினேன். மூன்று கோட்டு இரண்டு கோட்டைவிடக் கடினம். வெளியே மணியத்தின் லோரி, முன் கிரில்லில் இட்லி அகலத்துக்கு ஒரு கரிப் பொட்டோடு பால் எடுக்கப் போயிற்று. மானேஜர் சைக்கிளிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, முடிச்சதும் அந்தம்மாவக் கூப்பிட்டு, இதுக்கும் ஒன்னு வச்சிரச் சொல்லு."