பீடத்தில் வைத்த ரிப்போர்ட்

நான் படித்தது எம்.பி.ஏ.வில் சிஸ்டம்ஸ். காலையில் மார்க்கெட்டிங், மதியம் ஃபாக்ஸ்ப்ரோவில் புரோகிராம் எழுதுவது. நிர்வாகப் பாடம் எடுத்தவர்கள் எங்களைக் கம்ப்யூட்டர்காரர்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர்கள் ஆளாகவே மதிக்கவில்லை. தஞ்சாவூர் ஹாஸ்டலில் இருந்த எல்லோருக்கும் ஒரே நினைப்பு: படிப்பை முடித்தோமா, சென்னைக்கு ரயில் ஏறினோமா. எனக்கு அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆர்டரும் வந்துவிட்டது. ஜூனில் சேர வேண்டும். பாக்கி இருந்தது ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மட்டும்.

ப்ராஜெக்ட்டுக்கு வேறெங்கும் இடம் கிடைக்காததால், கீழ்வேளூர்ப் பக்கம் அப்பா வேலை பார்த்த அரிசி மில்லிலேயே செய்தேன். அப்பா அங்கே யார்டு கிளார்க். வண்டியில் வரும் நெல்லின் ரகம், ஈரம், மூட்டை எல்லாம் பார்த்துச் சீட்டு எழுதுவார். அதையே எடைமேடையில் ஒருவர் எழுதுவார், ஆபீசில் இன்னொருவர் எழுதுவார். மூன்றையும் ஒரே திரையில் கொண்டுவர ஒரு புரோகிராம் எழுதினேன். நன்றாகவே ஓடியது.

காலேஜில் என் ப்ராஜெக்ட் கைடு ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் இருக்கு, பரிந்துரை எங்கே? எந்த ஆள் மிச்சம்னு எழுதாம என்ன மேனேஜ்மென்ட் படிப்பு?" என்றார். உட்கார்ந்து எழுதினேன். யார்டு கிளார்க் பணியிடம் இனித் தேவையில்லை என்று நல்ல இங்கிலீஷில் ஒரு பத்தி. அப்பா என்று எழுதவில்லை, பணியிடம் என்றுதான் எழுதினேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியம். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

காலிகோ துணி பைண்டிங், அட்டையில் பொன் எழுத்து. என் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அட்டையில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

அந்த ஞாயிறு சர்ச்சில், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. சம்பா அறுத்து முடித்த கையோடு வரும். அவரவர் வீட்டு முதல் விளைச்சலைப் பீடத்தின் முன் வைப்போம்; ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். நெல், பூசணி, சேவல், வாழைத்தார். நிலமில்லாத நாங்கள் வருஷா வருஷம் கொல்லைத் தேங்காய்தான் வைப்போம். அன்று நிமிர்ந்து பார்த்தால், பூசணிக்காயின் மேல் சாய்ந்தபடி என் ரிப்போர்ட்.

"என்னப்பா இது?"

"நம்ம வீட்டு முதல் விளைச்சல் இதுதானேம்மா."

ஏலத்தில் அதன் முறை வந்தபோது எல்லோரும் சிரித்தார்களே தவிர, கேட்க ஆளில்லை. நானே எடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். "வச்ச வீட்டுக்காரங்க எடுக்கக் கூடாது பாப்பா," என்றார் ஏலம் விட்டவர். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து மில் முதலாளி எழுந்தார். எங்கள் சபையை நடத்தும் மூப்பர்களில் அவரும் ஒருவர்.

"நம்ம மில்லப் பத்தி நம்ம ஆளு பொண்ணு எழுதுன புத்தகம். நானே எடுத்துக்கறேன்."

கைதட்டினார்கள். அப்பா அழுதேவிட்டார்.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் என் ரிப்போர்ட், அந்தப் பத்தி இருந்த பக்கத்தில் விரிந்து கிடந்தது.

"சரியாத்தான் எழுதியிருக்கே பாப்பா. ஆனா இந்த புரோகிராமை ஓட்ட ஒரு ஆள் வேணுமே. நீ சென்னைக்குப் போயிட்டா புதுசா ஒருத்தரைப் போடணும், அப்புறம் அப்பாவை வச்சுக்க முடியாது. நீயே இங்க வந்துட்டீன்னா, அவரும் இருந்துட்டுப் போகட்டும். யோசிச்சுச் சொல்லு."

கோபமாகப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் தன்மையாகச் சொன்னார், அதுவும் நான் எழுதியதை வைத்தே சொன்னார். எந்தப் பக்கமும் நகர முடியவில்லை.

அப்பாவிடம் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளி வேலை கொடுத்தார், சேர்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "புத்தகம் எழுதியே வேலை வாங்கிட்டா!" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தோழிகள் சென்னைக்கு ரயில் ஏறிய ஜூனில், நான் மில்லில் அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நிதானமாகச் சீட்டு எழுதி நீட்டுவார், நான் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அந்தச் சீட்டு தேவையே இல்லை என்பது எங்கள் இருவரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள். பீடத்தில் வைக்க வேண்டிய தேங்காய்களைத் துடைத்துக்கொண்டே அப்பா என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷமும் ஏதாச்சும் எழுதேம்மா. அன்னிக்குப் பீடத்துல வச்சதுனாலதானே நீ எங்களை விட்டுப் போகாம இருக்கே."

ஆமாம்ப்பா என்றேன்.