எஸ்தர் டீச்சர் கழுத்தில் கிடந்த கத்தி

ரஹீம் பாய் பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் என் கடைக்கு வருவது புதிதல்ல. வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். போன மாசம் ஒரு நாள் வந்தவர் உட்காரவில்லை. தாம்பரம் மார்க்கெட்டின் காலைச் சத்தத்துக்கு நடுவே, கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "எஸ்தர் டீச்சர் பூட்டாங்கப்பா" என்றார்.

"எப்டி?" என்றுதான் கேட்டேன். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை.

"தூக்கத்துல. சாப்ட்டுப் படுத்தவங்க காலையில பால் கறக்க எழுந்துக்கல. அவ்ளோதான்."

என் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கியது. பாய் முகத்தைப் பார்த்தேன், அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஒரு சாவுச் செய்தியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். பார்த்தவர்கள் தப்பாக நினைத்திருக்கலாம். அது தப்பில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொழிச்சலூரிலும் பல்லாவரத்திலும் உங்களில் பலருக்கு அவர் கணக்கு டீச்சர். கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர். அக்கம்பக்கத்தாருக்குத் தண்ணீர் கலக்காத பால் ஊற்றியவர். எனக்கும் ரஹீம் பாய்க்கும் அவர் ஒரு வாடிக்கையாளர். நான் வியாபாரத்தில் பார்த்ததிலேயே கறாரான வாடிக்கையாளர். நான் விற்ற ஒரு பொருள் பத்து வருஷத்துக்கு மேல் அவர் கழுத்தில் தொங்கியது. துணி விற்றவனுக்கும் பருப்பு விற்றவனுக்கும் இந்தக் கவலை தெரியாது.

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கடை கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு கோணியை விரித்து கரண்டி, அரிவாள்மனை, கத்தி என்று இரும்புச் சாமான் போடுவேன். பக்கத்து விரிப்பு ரஹீம் பாயுடையது. தோல் மண்டிகளில் துண்டுத்தோல் வாங்கி, பெல்ட்டும் பையும் கத்தி உறையும் தைத்து விற்பார். ஒரு மாலையில் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த எஸ்தர் டீச்சர், ஒரு கையில் குடையும் மறு கையில் நோட்டுக் கட்டுமாக எங்கள் முன் நின்று கேட்டார்:

"கழுத்துல மாட்டிக்கற மாதிரி சின்னக் கத்தி இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் பாய் முந்திக்கொண்டார். "ஆட்டுக் கழுத்துக்குத்தான் கத்தி கேப்பாங்க டீச்சர். சொந்தக் கழுத்துக்கு இன்னிக்குத்தான் கேக்கறேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "ரெண்டு மாடு வச்சிருக்கேன் பாய். ஆத்தோரம் மேய்க்கப் போவேன். ஒரு கையில கயிறு இருக்கும். இன்னொரு கையால சட்டுனு எடுக்கணும். இடுப்புல சொருகினா குனியறப்போ குத்துது. முந்தானையில முடிஞ்சா அவுக்கறதுக்கே ரெண்டு கை வேணும். கூடையில வச்சா, நான் தண்ணியில நிப்பேன், கூடை கரையில இருக்கும். கழுத்துதான் சரி." பாடம் நடத்துவதுபோல் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு விடைக்கு வந்தார். "மூணு ரூபாய்க்கு மேல போகமாட்டேன். மட்டமான சரக்கும் எடுக்கமாட்டேன்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற ஆளிடம் பேரம் பேசுவது கஷ்டம். நான் முதலில் எடுத்து நீட்டியது மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் வந்த மடக்குக் கத்தி. கெட்டியான சாமான், நல்ல லாபமும் உண்டு. டீச்சர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து எவர்சில்வர் கத்தி. கண்ணாடி மாதிரி மின்னும், அதைப் பார்த்து மயங்காத பெண்கள் சந்தையில் குறைவு. டீச்சர் தோளில் தொங்கிய பைக்குள் கைவிட்டு, நாற்றமடிக்கும் ஒரு முழ ஈரக் கயிற்றை எடுத்தார். மாட்டுக் கயிறு. தண்ணீரில் ஊறப்போட்டே கொண்டுவந்திருக்கிறார். நோட்டுக் கட்டில் ஈரம் படாமல் வாழையிலையில் சுற்றியிருந்தார். எவர்சில்வர் கத்தி அந்தக் கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர, அறுக்கவில்லை.

"பாக்க எவ்ளோ அழகா கீது டீச்சர்," என்றார் பாய், எனக்காகப் பரிந்துகொண்டு.

"அழகை நான் என்ன பண்ணட்டும், மாட்டுக்குக் காட்டவா?"

அன்று எதுவும் வாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார், ஈரக் கயிறும் வந்தது. எதிர் விரிப்புக்காரர்கள் 'உன் கயிறு டீச்சர் வந்துட்டாங்க' என்று என்னைக் கேலி பேசும் அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கோ வீம்பு. விரிப்பில் கத்தியை வைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரைச் சும்மா அனுப்புவதா. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிக்கும் பட்டறை ஒன்று எனக்குத் தெரியும். அங்கே சொல்லி, நாலு விரல் நீளத்தில், மடக்காத ஒரே தகடாக, முனையை மழுங்கலாகத் தேய்த்து ஒன்று அடித்து வாங்கினேன். முனை கூராக இருக்கக் கூடாது என்பது டீச்சர் போட்ட நிபந்தனை. மாடு திமிறும்போது கை தவறினால் அதற்கோ இவருக்கோ பாயும். நிறம் கறுப்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஈரக் கயிற்றை இரண்டு இழுப்பில் அறுத்தது. டீச்சர் அதன் முதுகைத் தடவிப் பார்த்து, "இது வேலைக்காரன்," என்றார்.

உறையைப் பாய் தைத்தார். உப்புப் போகாத தோலில் வைத்தால் கத்தி துருப்பிடித்துவிடும் என்பதால், நன்றாகப் பதமான துண்டாகத் தேடி எடுத்துத் தைத்தார். கத்தி தலைகீழாகத் தொங்கும். தானாக விழவும் கூடாது, இழுத்தால் மாட்டிக்கொள்ளவும் கூடாது. அதைச் சோதிக்க டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? உறையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சந்தை நடுவில், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குதி குதித்தார். அவரிடம் படித்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்திருந்தால் அதோடு கணக்குப் பாடமே மறந்துபோயிருக்கும்.

எதற்கு இத்தனை பாடு என்று அன்றுதான் கேட்டேன். முந்தைய மழைக்காலத்தில் ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறியிருக்கிறது. தாழம்புதரில் கயிறு சிக்கிக்கொண்டு அவருடைய கன்றுக்குட்டி கரையேற முடியாமல் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஈர முடிச்சு இறுகிவிட்டது. அவிழ்க்கப் பார்த்த டீச்சருக்கு நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். "என் கையிலயே செத்துச்சு," என்றார். நான் அதன் பிறகு லாபத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

கடைசியில் கழுத்துக் கயிறு. நைலான் கயிறு அப்போதுதான் வந்திருந்தது. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பெருமையாக எடுத்து நீட்டி, "இந்த ஜென்மத்துல அறுந்து போகாது டீச்சர்," என்றேன்.

"அதனாலதான் வேணாம்."

அனகாபுத்தூர் நெசவாளர் வீடு ஒன்றிலிருந்து பருத்தி நூல் கொண்டுவந்திருந்தார். சில இழைகளை முறுக்கி, இழுத்துப் பார்த்து, ஓர் இழையைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தார். கத்தியைத் தாங்க வேண்டும். வேகமாகச் சுண்டினால் அறுந்துவிட வேண்டும்.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "இன்னா டீச்சர் இது. கத்தி ஆத்துல பூடும். அப்புறம் இவன்கிட்டதான் வந்து சண்ட போடுவீங்க."

"கத்தி போனா இன்னொன்னு வாங்கிக்கலாம் பாய்."

காசு மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் நான் அன்று நினைத்தேன். சந்தைக்காரர்களுக்கு எதுவும் கெட்டியாக இருந்தால்தான் நல்ல சரக்கு.

கோயில் வட்டாரத்தில் பேச்சு வந்தது. தாலி கிடக்கிற கழுத்தில் கத்தியா என்று ஓர் அம்மா நேராகவே கேட்டாராம். "தாலி கல்யாணம் ஆனவன்னு சொல்லுது, கத்தி மாடு வச்சிருக்கேன்னு சொல்லுது. ரெண்டும் உண்மைதானே," என்று டீச்சர் சொன்னதை அவர் கணவர் சாமுவேல் சார் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரயில்வே ஆபீஸில் வேலை, சாதுவான மனிதர். கத்தியைப் பற்றி வீட்டில் அவர் எதிர்ப்பேதும் சொன்னதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டீச்சர் வீட்டிலிருந்து பாய் வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகும். பாய் ரோஷக்காரர், வெறும் தட்டைத் திருப்ப மாட்டார். ஒரு ரம்ஜானுக்குப் பிரியாணியோடு ஒரு பரிசும் கொண்டுபோனார். கத்திக்கு ஒரு தோல் வார். இருப்பதிலேயே நல்ல தோல், இரட்டைத் தையல், மெழுகு போட்ட நூல். "யானைய கட்டி இழுத்தாலும் தாங்கும் டீச்சர்," என்றாராம். டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வாரோடுதான் சந்தைக்கு வந்தார். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். நூலாம், இழையாம், கடைசியில் யார் சொன்னது நின்றது பார், என்று அர்த்தம்.

ஒரு மாட்டால் விபரீதம் நடந்தது அதற்கு அடுத்த வருஷம். காஞ்சிபுரம் பக்கத்து உள்கிராமம் ஒன்றிலிருந்து ஓட்டிவந்திருந்த ஒரு பசுவை டீச்சர் சந்தையில் வாங்கினார். ஒல்லியான, கூர்கொம்பு மாடு. பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், கறந்தும் பார்த்தார். ஓட்டிக்கொண்டு போகிற வழியில் எங்களிடம் காட்ட நின்றார். பாய் மாட்டின் தோலைத் தடவ, "கண்ணு வைக்காதீங்க பாய், இது உயிரோட இருக்கற தோல்," என்று டீச்சர் சொல்ல, மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று சந்தைக்கு மேலே தாழ்வாக வந்தது. எங்கள் பக்கத்து மாடுகள் வாலைக்கூட ஆட்டாது. அந்த மாடு பிறந்ததிலிருந்து விமானமே பார்த்ததில்லை. தலையைத் தாழ்த்தி ஒரே தூக்கு. கொம்பு டீச்சரின் கழுத்து வாருக்குள் நுழைந்துவிட்டது. மாடு ஓட, டீச்சரின் கால் தரையைவிட்டு எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். பாய் கத்தினார். அது மாட்டை விரட்டிய கத்தல் இல்லை. அந்த வார் அறாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வார் அறுந்தது. டீச்சர் என் கரண்டிக் குவியல் மேல் வந்து விழுந்தார். மாடு கொம்பில் கத்தியை மாட்டிக்கொண்டு ஓடி, வைக்கோல் கட்டுப் பக்கம் நின்று, ஒன்றும் நடக்காததுபோல் தின்னத் தொடங்கியது. டீச்சர் கழுத்தில் ஒரு சிவந்த கோடு. முழங்கையில் சிராய்ப்பு. தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு முதலில் சொன்னது இது: "பால் எவ்ளோன்னு கேட்டேன், உதைக்குமான்னு கேட்டேன். ஏரோப்ளேன் பாத்திருக்கான்னு கேக்கல பாருங்க."

பாய் போய் கொம்பிலிருந்து வாரை எடுத்துவந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் அறவில்லை, தையலும் விடவில்லை. பின்கழுத்தில், கொண்டைக்கு அடியில் மறையும் இடத்தில், வாரை யாரோ வெட்டி, நடுவில் அரை விரலுக்குப் பருத்தி நூல் போட்டு இணைத்திருந்தார்கள். அறுந்தது அந்த நூல்.

"எப்போ டீச்சர் இத பண்ணீங்க?"

"நீங்க குடுத்த அன்னிக்கே," என்றார் டீச்சர். "சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல. நல்ல தோல் பாய். வெட்டறதுக்கே என் கத்திக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

பாய் கோணியில் உட்கார்ந்துவிட்டார். "வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. ரஹீம் தெச்சது அறுந்துச்சுன்னு மார்க்கெட்ல பேரு பேஜாராயிடும்," என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு மூன்று பேரும் சிரித்தோம். அத்தனை நிம்மதியாக நான் அதற்குமுன் சிரித்ததில்லை.

அன்றிலிருந்து கழுத்தில் மாட்டும் கத்தி எது விற்றாலும், வாரின் பின்பக்கம் பருத்தி இழை வைத்துத்தான் நாங்கள் விற்கிறோம். தாம்பரத்தில் கடை வைத்த பிறகும் அப்படித்தான். 'என்னய்யா, மட்டமான சரக்கு' என்று கேட்காதவர் இல்லை. 'கத்தி போனா இன்னொன்னு வாங்கிக்கலாம்' என்று டீச்சர் பாயிடம் சொன்ன பதிலையே நான் சொல்கிறேன். விலையில் பாதியைக் கூருக்குக் கொடுங்கள், மீதியை உறைக்குக் கொடுங்கள், பளபளப்புக்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். ஆனாலும் அவர் ஆற்றோரம் மாட்டோடு போகிறார் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். நூல் ஈரத்தில் இறுகிவிட்டால் அறாதே, மாற்றினாரா? வயதாகிறதே, மறந்திருப்பாரோ? ரஹீம் பாய் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று செய்தி சொன்னபோது நான் 'எப்டி' என்று கேட்டது இதனால்தான்.

அடக்கம் முடிந்து மறுநாள் பொழிச்சலூருக்குப் போனோம். சாமுவேல் சார் தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தார். மாடுகளைத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும். எனக்கு மாடும் தெரியாது, கத்தியும் தெரியாது."

வியர்வை பட்டுப் பட்டு வார் கறுத்திருந்தது. பாயின் இரட்டைத் தையல் ஒன்றுகூடத் தளரவில்லை. பின்பக்க நூல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"போன ஞாயித்துக்கிழமைதான் மாத்தினா," என்றார் சார். "கோயில் விட்டு வந்ததும் அதுதான் முதல் வேலை. ஒரு வாரம் தவறினதில்ல."

பாய் என்னைப் பார்த்தார். நான் வாரின் இரண்டு பக்கத்தையும் கையில் சுற்றிக்கொண்டு ஒரு சுண்டு சுண்டினேன்.

அறுந்தது.

கத்தி இப்போது என் கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிறது. விற்பனைக்கு இல்லை. நூலை நான் மாற்றிக் கட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில்.